கண் கண்ட காலம், வாக்கு வகுத்த காலம்

தமிழ்நாட்டில் அச்சாகும் பஞ்சாங்கங்கள் வாக்கியம், திருக்கணிதம் என்று இரு வகைப்படும் என்பதைப் பஞ்சாங்கம் பார்க்கும் வீடுகள் யாவும் அறியும். ஆயினும் அவ்விரு பெயர்களும் எதைக் குறிக்கின்றன என்பது பெரும்பாலும் பிறழவே உணரப்பட்டுள்ளது. திருக்கணிதத்தின் முதலில் நிற்கும் ‘திரு’, தெய்வத்தன்மையைக் குறிக்கும் தமிழ் அடைமொழி அன்று; பார்வை என்று பொருள்படும் ‘த்ருக்’ என்னும் வடசொல்லே தமிழ் நாவில் அவ்வாறு உருமாறி நிற்கிறது. அவ்வாறே வாக்கியம் என்பதும் முனிவர் அருளிய வாக்கு என்னும் பொருளில் வந்த பெயர் அன்று. எண்களை எழுத்துகளுக்குள் பொதிந்து, மனப்பாடம் செய்வதற்கு ஏற்ற சிறு சொற்றொடர்களாக அமைத்த பழைய கணக்கு முறையில் அச்சொற்றொடர் ஒவ்வொன்றும் வாக்கியம் எனப்பட்டது. ஒன்று கண்ணோடு ஒத்துப்பார்த்துத் திருத்திய கணக்கு, மற்றொன்று மனனம் செய்த சொற்றொடர்வழிக் கணக்கு என்பதற்கு மேல் இப்பெயர்களில் புனிதம் எதுவும் இல்லை. இருந்தும், இவற்றுள் எதன்படி நோன்பிருப்பது, எதன்படி விழா எடுப்பது என்னும் வினா ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சமய வினாவாகவே எழுப்பப்பட்டு வருகிறது. அதற்குத் தக்க காரணமும் உண்டு.

வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்னும் பஞ்சாங்கத்தின் ஐந்து உறுப்புகளுள் திதி என்பது, வானத்தில் சூரியனை விட்டுச் சந்திரன் 12 பாகை விலகுவதற்கு ஆகும் காலமாகும். சந்திரன் என்றும் ஒரே வேகத்தில் செல்வதில்லை ஆதலால் ஒரு திதி 20 மணி நேரத்தில் முடிந்துவிடுவதும் உண்டு, 26 மணி நேரத்துக்கு மேல் நீள்வதும் உண்டு. திதி முடியும் நேரத்தில் இரு பஞ்சாங்கங்களும் சில மணி நேரம் வேறுபடுமாயின், சூரியோதயத்தின்போது நிற்கும் திதி எது என்பது மாறிவிடும். அதனால் ஏகாதசி நோன்பு ஒரு வீட்டில் இன்றும் அடுத்த வீட்டில் நாளையும் அமைந்துவிடும். சந்திரனைப் போல விரைந்து செல்லாத கோள்களில் இவ்வேறுபாடு மேலும் பெருகுகிறது. சனி ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டரை ஆண்டு ஆகும் என்பதால், அதன் இருப்பிடத்தில் ஒரு பாகை பிழைத்தால் நாள்காட்டியில் ஒரு மாதம் பிழைத்துவிடும். சனி கும்ப ராசிக்குப் பெயர்ந்ததைத் திருக்கணிதம் 2023 ஜனவரி 17 என்று குறிக்க, வாக்கியப் பஞ்சாங்கத்தைப் பின்பற்றும் திருநள்ளாற்றில் சனிப்பெயர்ச்சி விழா அவ்வாண்டு டிசம்பர் 20ஆம் நாளன்றுதான் நடந்தது. பதினொரு மாத இடைவெளி என்பது கணித்தவரின் கைப்பிசகால் வருவது அன்று. எதை அளவையாகக் கொள்வது என்னும் அடிப்படையிலேயே இரு தரப்பும் பிரிந்து நிற்கின்றன.

அளவை என்னும் சொல்லை இங்கு அதன் தத்துவப் பொருளிலேயே கொள்ள வேண்டும். அறிவு எவ்வழியாக வந்தால் அது நம்பத் தக்கது என்பதை ஆராயும் பகுதியை இந்தியச் சமயங்கள் பிரமாணம் என்றன. தமிழ் நூல்கள் அளவை என்றன. மணிமேகலையில் சமயக்கணக்கர் பத்து அளவைகளைப் பேசுகின்றனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார் அவற்றைக் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. காட்சி என்பது புலனால் நேரே அறிவது. கருதல், புகையைக் கொண்டு நெருப்பை உய்த்துணர்வது போன்ற அனுமானம். உரை, நம்பத் தக்கவர் சொல். இம்மூன்றும் முரண்படும்போது எது வெல்லும் என்பதில் மரபு மௌனமாக இருந்துவிடவில்லை. கண்ணும் கருதலும் எட்டாத பொருளில்தான் உரைக்குத் தனி ஆட்சி உண்டு என்பது மீமாஞ்சகர் முதலாகப் பலரும் ஒப்பிய நெறி. நேரே அறியப்படும் பொருளில் வேதம் கண்ணுக்கு எதிராகப் பேச வருவதில்லை என்னும் கருத்தைச் சங்கரரும் தம் கீதை உரையில் உறுதியாக நிலைநாட்டுகிறார். இந்நெறியை அப்படியே எடுத்துக்கொண்டால் பஞ்சாங்க வழக்கு எளிதில் தீர்ந்துவிடும் போலத் தோன்றும்: சந்திரன் கண்ணுக்குத் தெரியும் பொருள், ஆகவே அதில் கண்ணே வெல்ல வேண்டும். ஆனால் வாக்கியம் கண்ணை அறியாத உரையாகவே பிறந்ததா என்பதைப் பாராமல் அத்தீர்ப்பை வழங்குவது முறையாகாது.

வரருசியின் பெயரால் வழங்கும் சந்திர வாக்கியங்கள் 248. இந்த எண் தற்செயலானது அன்று. பூமிக்கு மிக அண்மையிலுள்ள புள்ளியிலிருந்து புறப்பட்ட சந்திரன் மீண்டும் அப்புள்ளியை அடைய ஏறத்தாழ 27.55 நாள் ஆகிறது. அத்தகைய ஒன்பது சுற்றுகள் கூடினால் மிக நுண்ணிய வேறுபாட்டுடன் 248 நாள் வரும். சந்திரனின் வேகமாறுபாடு அத்தனை நாளுக்கு ஒருமுறை மீள்கிறது என்று கண்டவர்கள், நாளுக்கு ஒரு வாக்கியமாகச் சந்திரனின் இருப்பிடத்தைச் சொல்லில் கோத்து வைத்தனர். ஒவ்வொரு மெய்யெழுத்துக்கும் ஓர் இலக்கம் தரும் கடபயாதி என்னும் முறைப்படி அச்சொற்களைப் பிரித்தால் பாகையும் கலையும் கிடைக்கும். பதினான்காம் நூற்றாண்டில் பிறந்த சங்கமகிராம மாதவர் இவ்வாக்கியங்களை விகலை வரை, அதாவது பாகையின் 3,600இல் ஒரு பங்கு வரை, நுணுக்கித் திருத்தினார்.

இம்முறையின் ஆற்றலை நேரில் கண்டு வியந்தவர்களுள் பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல் ஒருவர். சூரியனை வெள்ளி குறுக்கே கடக்கும் அரிய காட்சியை அளக்க வந்து, 1761இல் போர் காரணமாகக் கரையிறங்க இயலாமல் கடலிலேயே அதைத் தவறவிட்டு, அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு கிழக்கிலேயே காத்திருந்து, 1769இல் புதுச்சேரியில் மேகம் மறைக்க அதையும் இழந்தவர் அவர். வானத்தைக் காணும் பேறு வாய்க்காத அந்த மனிதர், புதுச்சேரித் தமிழர் ஒருவரிடம் அமர்ந்து கிரகணக் கணக்கைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவை அத்தமிழ் முறை 41 விநாடி குறைத்துச் சொல்ல, ஐரோப்பாவில் அன்று சிறந்ததாகக் கருதப்பட்ட மாயரின் அட்டவணை 68 விநாடி மிகுத்துச் சொன்னதை எழுதியும் வைத்தார். ஒரு கிரகணத்தைக் கொண்டு ஒரு முறைக்கு முடி சூட்டிவிட முடியாது. 1825இல் சென்னையில் ‘கால சங்கலித’ என்னும் பெரு நூலை வெளியிட்ட ஜான் வாரன், எழுதுபொருள் எதுவும் இன்றித் தரையில் சோழிகளை அடுக்கி, மனத்திலிருந்தே அட்டவணையை எடுத்துக் கணித்த புதுச்சேரிப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவரைப் பற்றி எழுதுகிறார். அவருடைய கணக்கு அவ்வாண்டுச் சந்திர கிரகணத்தின் தொடக்கத்தில் 4 நிமிடமும் நடுவில் 23 நிமிடமும் முடிவில் 52 நிமிடமும் பிழைத்தது. அக்கணிதர் தாம் அடுக்கிய சோழிகளின் பின்னுள்ள கோட்பாட்டை அறிந்திருக்கவில்லை, அதை அறிய விழையவும் இல்லை என்று வாரன் குறிப்பது, பிழையைக் காட்டிலும் ஆழ்ந்து எண்ணத் தக்கது. கண்டறிந்தவர்களின் அறிவு, கண்டறிதல் இன்றியே கைமாறி வந்து, வியக்கத் தக்க ஆற்றலோடும், தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் வலிமை இல்லாமலும் அவர் விரலிடையே நின்றது.

வாக்கியக் கணக்கு எங்கே சரியாக நிற்கிறது, எங்கே வழுவுகிறது என்று பார்த்தால் மேலும் ஓர் உண்மை புலப்படும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் அது வானத்தோடு பெரிதும் ஒத்து நிற்கிறது; அட்டமியை ஒட்டி, அதாவது அரைநிலா நாள்களில், மிகவும் விலகுகிறது. பழைய இந்தியக் கணக்கு சந்திரனின் வேகமாறுபாட்டுக்கு ஒரே ஒரு பெருந்திருத்தம் மட்டும் செய்தது; சூரியனின் ஈர்ப்பால் சந்திரன் பாதையில் நேரும் வேறு அலைவுகள் அரைநிலாவின்போதுதான் பெரிதும் வெளிப்படுகின்றன. முன்னோர் அவற்றைக் கவனிக்கத் தவறியது ஏன் என்பதற்கும் விடை அங்கேயே உள்ளது: அவர்கள் கணக்கை உரசிப் பார்த்த கல் கிரகணம், கிரகணமோ அமாவாசையிலும் பௌர்ணமியிலும் மட்டுமே நிகழும். வானம் எங்கே சான்று தந்ததோ அங்கே கணக்கு நேராக நிற்கிறது; எங்கே தரவில்லையோ அங்கே கோணிப் போகிறது. வாக்கியத்தின் பிழைகளும்கூட, அதைப் படைத்தவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதற்கே சாட்சி சொல்கின்றன.

அவர்களுள் ஒருவரான வடசேரிப் பரமேசுவரர், பாரதப்புழை கடலோடு கலக்கும் கரையில் வாழ்ந்து, 55 ஆண்டு கிரகணங்களைக் கண்ணால் கண்டு குறித்து, பழைய கணக்கு வானத்தோடு ஒவ்வாததை உணர்ந்து, 1431இல் ‘த்ருக்கணிதம்’ என்னும் முறையை வகுத்தார். திருக்கணிதம் மேலைநாட்டு இறக்குமதி என்று கருதுவோர் இந்த ஆண்டை நினைவிற்கொள்ளுதல் நன்று. தொலைநோக்கி தோன்றுவதற்கு ஏறக்குறைய 180 ஆண்டு முற்பட்டது அது. அவர் வழியில் வந்த நீலகண்ட சோமயாஜி தம் ‘ஜ்யோதிர்மீமாம்சை’யில் இதற்கான சமய அடிப்படையையும் வகுத்துத் தருகிறார். தெய்வம் அருளிய நூல் எவ்வாறு பிழைக்கும் என்னும் வினாவுக்கு அவர் சொல்லும் விடை, தெய்வம் நேரில் வந்து எவருக்கும் கோள்கணக்கைக் கற்பித்துச் செல்வதில்லை, தெய்வ அருள் என்பது ஆராய்பவனின் அறிவு தெளிவடைவதே என்பதாகும். இவ்விளக்கம் நாத்திகம் அன்று. அருள் விடையாக இறங்காமல், விடை தேடும் கண்ணாக இறங்குகிறது என்று கொள்ளும் ஆழ்ந்த பக்தி அதில் உள்ளது.

இச்சிக்கல் ஒரு சமயத்துக்கு மட்டும் உரியதும் அன்று. இஸ்லாத்தில் நோன்பு தொடங்குவதும் பெருநாள் கொண்டாடுவதும் பிறையைக் கண்ணால் காண்பதோடு பிணைக்கப்பட்டுள்ளன. மாதத்தின் 29ஆம் நாள் மாலை மேற்கு வானை நோக்கி நின்று பிறை தேடுவதும், தலைமை காஜியின் அறிவிப்புக்காகக் காத்திருப்பதும் தமிழ் முஸ்லிம்களின் வாழ்வில் இன்றும் உள்ளவை. துருக்கி போன்ற நாடுகள் கணிப்பின்படியே மாதத்தை முன்கூட்டி அறிவிக்கின்றன. இங்கே கண் பழைமையின் பக்கமும் கணக்கு புதுமையின் பக்கமும் நிற்பதால், பஞ்சாங்க வழக்கின் அணிகள் இடம் மாறிவிடுகின்றன. ஆனால் பதினான்காம் நூற்றாண்டின் ஷாஃபி மத்ஹபுச் சட்ட அறிஞர் தகியுத்தீன் அஸ்ஸுப்கி, பிறை தெரிய வழியே இல்லை என்று கணக்கு உறுதியாகக் காட்டும் மாலையில், கண்டதாக ஒருவர் சாட்சி சொன்னாலும் அதை ஏற்கலாகாது என்றார். சூரியனிலிருந்து ஏறத்தாழ 7 பாகைக்கும் குறைவாக விலகிய பிறையை மனிதக் கண் காண்பதில்லை என்பதை இன்றைய வானியலும் கூறுகிறது. காட்சியைக் கடமையாகக் கொண்ட மரபிலும், பொய்த்த காட்சியைத் திருத்தும் பொறுப்பைக் கணக்குக்கு அளித்தவர் இருந்தார்.

கிறித்தவத்திலோ வாக்கு முற்றிலும் வென்றது. வசந்த காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாளுக்குப் பின்வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா என்பது பொதுவாகச் சொல்லப்படும் விதி. ஆனால் திருச்சபை அந்தச் சமநாளை மார்ச் 21 என்றே நிலையாக வைத்துக்கொண்டு, வானத்துப் பௌர்ணமிக்குப் பதிலாக அட்டவணைப் பௌர்ணமி ஒன்றையே பின்பற்றுகிறது. 2019இல் உலகப் பொது நேரப்படி மார்ச் 20 இரவு சமநாள் நிகழ்ந்து, சில மணி நேரத்தில், மார்ச் 21 விடியுமுன்பே முழுநிலா வந்தது. வானத்தைப் பார்த்திருந்தால் உயிர்ப்பு ஞாயிறு மார்ச் 24 ஆகியிருக்கும். விழாவோ ஏப்ரல் 21இல் கொண்டாடப்பட்டது. எனினும் அதே திருச்சபைதான், அட்டவணை பத்து நாள் பிழைத்துவிட்டதை உணர்ந்து, 1582இல் அக்டோபர் 4க்கு மறுநாளை அக்டோபர் 15 என்று ஆக்கியது. கலிலியோவைத் தண்டித்து 22 ஆண்டே கடந்த நிலையில், 1655இல் பொலோஞ்ஞா நகரின் சான் பெத்ரோனியோ பேராலயத்துக் கூரையில் துளையிட்டு, தரையில் பதித்த கோட்டின்மேல் விழும் சூரிய ஒளியை வானியலாளர் கஸ்ஸீனி அளப்பதற்கு இடம் கொடுத்ததும் அதுவே.

நாள்தோறும் கையாளப்படும் கடிகாரத்தின் வரலாறும் இவ்வினாவுக்கு அயலானது அன்று. தமிழில் நாழிகை என்பது 24 நிமிடம்; நீர் நிறையும் வட்டிலைக் கொண்டு அதை அளந்து அரசனுக்கு அறிவித்த நாழிகைக் கணக்கரை முல்லைப்பாட்டு அறியும். ஐரோப்பாவில் இரவு வழிபாட்டுக்கு எழ வேண்டிய துறவிகள் முதலில் விண்மீன்களையே நம்பினர். எந்த மாதத்தில் எந்த விண்மீன் எழும்போது வழிபாட்டைத் தொடங்குவது என்று ஆறாம் நூற்றாண்டில் தூர் நகர ஆயர் கிரகோரி ஒரு நூலே எழுதினார். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் தோன்றிய இயந்திரக் கடிகாரம் அத்துறவியரின் விழிப்பைத் தான் ஏற்றுக்கொண்டது. 1386ஐ ஒட்டி அமைந்த இங்கிலாந்தின் சால்ஸ்பரி பேராலயக் கடிகாரத்துக்கு முகப்பும் இல்லை, முள்ளும் இல்லை. மணியடிப்பது மட்டுமே அதன் பணி. ஆங்கிலத்தில் கடிகாரத்தைக் குறிக்கும் சொல்லும் மணியைக் குறித்த பழஞ்சொல்லிலிருந்தே வந்தது. பின்னர் முகப்பு வந்தபோது, பூமியின் வடபாதியில் சூரியக் கடிகாரத்தின் நிழல் சுழலும் திசையையே முள்ளும் மேற்கொண்டது. வானத்தைப் பார்ப்பதற்கு மாற்றாக வந்த கருவி, பார்த்த வானத்தின் தடத்தைத் தன் முகத்தில் ஏந்தியவாறே வந்தது.

அத்தடமும் பின்னர் மெல்ல விலகிற்று. 1967இல் ஒரு விநாடி என்பது சீசியம் அணு வெளியிடும் குறிப்பிட்ட கதிர்வீச்சின் 9,192,631,770 அலைவுகளின் காலம் என்று வரையறுக்கப்பட்டது. அதற்குமுன் விநாடியின் இலக்கணம் பூமியின் இயக்கத்தைச் சார்ந்திருந்தது. கடல் ஏற்றவற்றங்களின் இழுப்பால் பூமியின் சுழற்சி சீராக இருப்பதில்லை ஆதலால், அணுக் காலத்தை வானத்தோடு பொருத்துவதற்கென 1972 முதல் 2016 முடிய 27 மிகை விநாடிகள் சேர்க்கப்பட்டன. கணினி வலைகளுக்கு அவை இடையூறு என்பதால், அந்த இணைப்பை 2035க்குள் பெரிதும் தளர்த்துவதென 2022இல் எடைகள் அளவைகளுக்கான பொது மாநாடு முடிவு செய்தது. காலம் வானத்தோடு சற்றே விலகினும் உலகம் முழுவதும் ஒரே காலத்தில் நிற்பது முதன்மையானது என்பதே அம்முடிவின் உட்பொருள். இது வாக்கியத்தைப் பின்பற்றும் கோயில்களும், அட்டவணைப் பௌர்ணமியைப் பின்பற்றும் திருச்சபையும் தேர்ந்த அதே வழியாகும். ஆகவே கண்ணைத் தேர்வது அறிவியல், வாக்கைத் தேர்வது மூடநம்பிக்கை என்று கோடு கிழிப்பது பொருந்தாது. பலர் ஒரே கணத்தில் ஒன்றுகூட வேண்டும் என்னும் தேவை எழும் இடமெல்லாம் மனிதர் வாக்கை நாடவே செய்கின்றனர்.

காட்சியும் தான் எண்ணும் அளவுக்கு நேரானது அன்று. சந்திர ஒளி கண்ணை அடைய ஒரு விநாடிக்கு மேலும், சூரிய ஒளி எட்டு நிமிடத்துக்கு மேலும், சனியின் ஒளி ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகின்றன. மார்கழித் திருவாதிரையில் சிதம்பரத்தில் ஆருத்திரா தரிசனம் காண்போர், அந்நாளுக்குரிய விண்மீனையும் அண்ணாந்து பார்ப்பாராயின், பல நூற்றாண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியையே காண்கின்றனர். 2019இன் இறுதியில் தொடங்கி 2020இன் தொடக்கம் வரை அச்செம்மீன் மங்கியதாகக் கண்டதும் பன்னெடுங்காலத்துக்கு முன் அது உமிழ்ந்த தூசியின் செய்தியே. காட்சி என்று கொள்ளப்படுவதும் தொலைவிலிருந்து வந்து சேர்ந்த ஓர் உரைதான் என்னும்போது, அளவைகளுக்கு இடையே உள்ள சுவர் மெலிந்துவிடுகிறது. எந்த உரைக்கு இன்றும் பிறப்பிடத்தோடு தொடர்பு அறாமல் இருக்கிறது என்பதே பின்னர் எஞ்சும் வினா.

சென்னை வானாய்வகத்தில் பணியாற்றி, 1867இல் ஒளிமாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி, த்ருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டபோது எழுப்பியதும் இதுவே. முன்னோரைப் பின்பற்றுதல் என்பது அவர்கள் கண்ட விடையைப் பின்பற்றுவதா, விடை கண்ட வழியைப் பின்பற்றுவதா? விடையைப் பின்பற்றுவோர் பக்கம் ஒன்றுகூடலின் அருமை இருக்கிறது. திருநள்ளாற்றில் ஒரே நாளில் கூடும் பெருங்கூட்டத்தின் வேண்டுதல், சனி எத்தனை பாகையில் நின்றான் என்பதால் பொய்த்துவிடாது. தை முதல் நாளை உத்தராயணத் தொடக்கமாகப் போற்றும் வழக்கமும் அத்தகையதே: சூரியன் வடக்கு நோக்கித் திரும்புவது டிசம்பர் 21 அல்லது 22இல்; பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் ஏறத்தாழ 72 ஆண்டுக்கு ஒரு நாளாக இடைவெளி பெருகி, இன்று 24 நாளை எட்டியிருக்கிறது. ஆயினும் அந்நாளின் பொங்கல் எவர்க்கும் குறைவுபடவில்லை. ஆனால் வழியைப் பின்பற்றுவோர் இல்லாமற் போகும் மரபில், பிழை இருப்பதை அறியும் கண்ணும் இல்லாமற் போகும். பரமேசுவரரின் 55 ஆண்டுக்கு இணையாக அம்மரபில் வைத்துப் போற்றத் தக்க பணிவிடை வேறில்லை என்றே கருத வேண்டும்.

கிரகணத்தில் மட்டும் இவ்வழக்கு எழுவதில்லை. வாக்கிய முறையில் அச்சாகும் பஞ்சாங்கங்கள் பலவும் கிரகணத்தின் தொடக்கத்தையும் முடிவையும் இக்காலக் கணிப்பின்படியே தருகின்றன. ஓர் ஊரில் கண்ணுக்குத் தெரியாத கிரகணத்துக்கு அவ்வூரில் கிரகணக் கடமைகள் இல்லை என்று தர்மசாத்திரமும் காட்சியையே நிபந்தனையாக வைக்கிறது. கோயில் நடை சாத்திய அந்த இரவில் குளத்தங்கரையில் காத்திருப்போர், மடியிலுள்ள பஞ்சாங்கம் எதுவாயினும், விடுபட்ட சந்திரனின் விளிம்பு முழுதும் தெளிந்ததைக் கண்ட பின்னரே நீராட இறங்குகின்றனர்.